ஃப்ரீசர் ஃபேன் மோட்டார்: சத்தம் கேட்டது முதல் மாற்றி முடிப்பது வரை

ஃப்ரீசருக்குள்ளிருந்து கீச்சென்றோ கரகரவென்றோ சத்தம் வர ஆரம்பித்ததும் பலரும் நேராக மோட்டார் வாங்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். கோளாறு மோட்டாரில்தானா என்று உறுதி செய்வது, உள்ளே இறுகிக் கிடக்கும் பனியை எதையும் உடைக்காமல் உருக்குவது, எல்லா வகையிலும் பொருந்துகிற மோட்டாரைத் தேடி வாங்குவது, இவைதான் நேரத்தைக் கேட்பவை. இவற்றில் எதில் அவசரப்பட்டாலும், புது மோட்டார் போட்ட சில வாரங்களிலேயே பழைய சத்தம் திரும்பி வரும்.

இந்த ஃபேன் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் இருப்பது. ஃப்ரீசர் சுவரிலேயே பனி படிந்து, பட்டனை அழுத்தி உருக்க வேண்டிய டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் பொதுவாக இது கிடையாது. அதில் சத்தம் வந்தால் பார்க்க வேண்டிய இடம் கம்ப்ரசர். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் ஃப்ரீசரின் பின்புறத் தகட்டுக்குப் பின்னால் அலுமினியக் காயில் ஒன்று இருக்கும். அதையொட்டி, பெரும்பாலும் அதற்கு மேலே, ஃபேன் இருக்கும். காயிலில் பட்டுக் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு காற்றுப்பாதை வழியாகக் காய்கறி வைக்கும் பகுதிக்கும் தள்ளுவது பல மாடல்களில் இந்த ஒரே ஃபேன்தான். ஆகவே அது நின்றுபோனால் முதலில் கெடுவது ஃப்ரிட்ஜ் தட்டில் இருக்கும் பால். ஃப்ரீசர் ஓரளவு குளிராகவே இருக்கும், ஃப்ரிட்ஜ் பகுதி வெதுவெதுப்பாகும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் ஃபேன் மீது சந்தேகப்படலாம்.

சத்தம் எங்கிருந்து?

சத்தம் வரும்போதே ஃப்ரீசர் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் கதவு திறந்ததும் ஃபேன் நிற்கும். சத்தமும் கூடவே நின்றால், கதவு விளிம்பில் இருக்கும் டோர் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் மறுபடி வந்தால் நீங்கள் தேடுவது உள்ளே இருக்கும் இந்த ஃபேன்தான். சில மாடல்களில் அழுத்தும் பட்டன் இருக்காது, கதவில் உள்ள காந்தம் சுவிட்சை இயக்கும். அங்கே ஒரு சிறு காந்தத்தை, கதவு மூடும்போது கதவின் காந்தம் வந்து நிற்கும் இடத்தருகே பிடித்துப் பார்க்கலாம். கதவு திறந்தும் சத்தம் தொடர்கிறது, அதுவும் பின்னால் தரைமட்டத்தில் கேட்கிறது என்றால் அது கம்ப்ரசர் அருகே உள்ள கண்டென்சர் ஃபேனாகவோ கம்ப்ரசராகவோ இருக்கும். அது வேறு வேலை.

சத்தத்தின் குணமும் பேசும். மெல்லிய கீச்சொலி, குறிப்பாக ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது வந்து போவது, மோட்டாரின் புஷ்ஷில், அதாவது சுழலும் தண்டை (ஷாஃப்டை) தாங்கும் சிறு உருளையில், எண்ணெய் வற்றிவிட்டதைக் காட்டுகிறது. கரகரப்பு என்றால் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆட ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் சக்கரத்தில் அட்டை உரசுவது போன்ற டடடட என்ற சத்தம் வந்தால், பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது. இறக்கை பனியில் இடிக்கிறது. காற்று எதுவும் வராமல் உம்ம் என்ற முனகல் மட்டும் கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, சுற்ற முடியவில்லை. ஷாஃப்ட் இறுகியிருக்கலாம், இறக்கை உறைந்திருக்கலாம்.

ஃபேன் ஓடவில்லை என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. டிஃப்ராஸ்ட், அதாவது காயிலில் படிந்த பனியை ஹீட்டர் தானாக உருக்குவது, நடக்கும் அரை மணி நேரம் அது நின்றுதான் இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் பல மாடல்களில் சில நிமிடங்கள் கழித்தே ஓட ஆரம்பிக்கும். குறைந்தது பத்து நிமிடம் டோர் சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

தகட்டைத் திறக்கும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். தெர்மோஸ்டாட்டை ஆஃபில் வைப்பது போதாது. ஏ.சி. (மாறுதிசை மின்சாரத்தில் ஓடும்) மோட்டார் உள்ள ஃப்ரிட்ஜில் அந்தக் குளிர்ந்த, ஈரமான இடத்துக்கே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது.

உணவுப் பொருட்களை வேறு ஃப்ரீசருக்கோ ஐஸ் பெட்டிக்கோ மாற்றுங்கள். ஃப்ரிட்ஜ் பகுதியில் இருக்கும் பால், இறைச்சி, சமைத்த உணவு, மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜில் கதவை மூடியே வைத்திருந்தாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பனியை உருக்கவே ஓர் இரவு போய்விடலாம் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கால் அங்குல அறுகோண சாக்கெட் (சில மாடல்களில் ஸ்க்ரூ தலை அப்படித்தான் இருக்கும்), தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோல், நோஸ் பிளையர், மல்டிமீட்டர், டார்ச், நான்கைந்து பழைய துண்டுகள், கையுறை. கையுறையை வேண்டாமென்று ஒதுக்காதீர்கள். காயிலின் அலுமினியத் தகடுகள் பிளேடு போல அறுக்கும். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வயர்கள் எந்த வழியே போகின்றன என்பதை.

தகடு, பனி

டிரேக்களையும் தட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டால் பின்புறத் தகடு தெரியும். ஸ்க்ரூக்கள் சில சமயம் சிறிய பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மெல்ல நெம்பினால் மூடி வரும். ஐஸ் டிரே ஸ்டாண்ட், விளக்குக் கவர் ஆகியவையும் தகட்டைப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் வந்தும் தகடு அசையவில்லை என்றால் பின்னால் பனி அதைப் பிடித்திருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் இழுத்துத் தகட்டை உடைக்கிறார்கள். குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி போல நொறுங்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

தகடு கொஞ்சம் வந்ததும் முழுதாக இழுக்காமல் நிறுத்துங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் மோட்டார் தகட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும், வயரின் நீளமும் கொஞ்சம்தான். நாலு விரல் இடைவெளி கிடைத்ததும் பின்னால் கை விட்டு, கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், கனெக்டரின் உடலைப் பிடியுங்கள்.

இப்போது தெரியும் பனியை உருக்கும் முன் நன்றாகப் பாருங்கள், படம் எடுங்கள். உண்மையான கோளாறை இந்தப் பனிதான் சொல்லும். காயிலில் மெல்லிய, ஒரே சீரான வெண்பனி மட்டும் இருந்தால் டிஃப்ராஸ்ட் சரியாக நடக்கிறது, சந்தேகம் மோட்டார் மீதோ அதற்கு வரும் மின்சாரத்தின் மீதோதான். காயிலே தெரியாத அளவுக்குப் பஞ்சு மூட்டை போல வெண்பனி மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் நடக்கவில்லை. பனி வளர்ந்து இறக்கையைத் தொட்டிருக்கிறது, அவ்வளவே. இந்த நிலையில் மோட்டாரை மட்டும் மாற்றினால் மறுபடி இதே பனி வரும். அடியில் கண்ணாடி போன்ற கெட்டியான ஐஸ் பாளம் இருந்தால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. இறக்கையையும் அதன் வளையத்தையும் சுற்றி மட்டும் பனி என்றால் ஈரக் காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது, பெரும்பாலும் கதவு கேஸ்கெட் (கதவோர ரப்பர் பட்டை) வழியாக.

உருக்குவதற்குச் சிறந்த வழி நேரம்தான். கதவைத் திறந்து, அடியில் துண்டுகளை விரித்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு நிரம்பி வழியலாம், தரையிலும் ஒரு துண்டு போட்டு வையுங்கள். அவசரம் என்றால் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தைத் துண்டின் மேல் ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவை ஒருக்களித்து வைக்கலாம். ஹேர் டிரையர் பயன்படுத்தினால் மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அது சொட்டும் தண்ணீருக்கு அருகே போகக் கூடாது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஐஸைக் குத்துவது மட்டும் கூடவே கூடாது. காயில் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் கேஸ் வெளியேறிவிடும், ஃப்ரிட்ஜே வீணாகலாம். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் நிறைய ஆர் 600ஏ எனப்படும் ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. அது எரியும் வாயு. தப்பித்தவறிக் குழாய் துளைபட்டு உஸ்ஸென்ற ஒலி கேட்டால் ஹேர் டிரையர் உட்பட எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

காயிலுக்கு அடியில் கண்ணாடிக் குழாய் போல ஹீட்டர் தெரிந்தால் அதில் எதுவும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு திறந்திருக்கும்போதே ஹீட்டரையும் மல்டிமீட்டரால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கனெக்டரைக் கழற்றி அளந்தால், மின்னழுத்தத்தையும் மாடலையும் பொறுத்துச் சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அதனோடு வரிசையில் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் (அதிகம் சூடானால் மின்சாரத்தை வெட்டுவது) எப்போதும் பூஜ்யத்துக்கு அருகே காட்ட வேண்டும். பைமெட்டல் தெர்மோஸ்டாட் (குளிரைப் பொறுத்து ஹீட்டரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) அப்படி அல்ல. அறை வெப்பத்தில் அது திறந்தே இருப்பதுதான் சரி, நன்றாகக் குளிர்ந்தால்தான் மூடும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிகிறவர்கள் ஏராளம்.

மோட்டாரைச் சோதிப்பது

பனி போனதும் இறக்கையை விரலால் சுண்டுங்கள். இரண்டு வயர் உள்ள ஏ.சி. மோட்டார் வழுக்கிக்கொண்டு சில சுற்று சுற்றி மெல்ல நிற்க வேண்டும். சுண்டியதும் பிடித்துக்கொண்டால் புஷ் போய்விட்டது. மூன்று அல்லது நான்கு வயர் உள்ள டி.சி. (நேர்திசை மின்சாரத்தில் ஓடும்) மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் படிப்படியாகத் தடுத்துத் தடுத்துத்தான் சுற்றும். அது கோளாறு இல்லை. இரண்டு வகையிலும் ஷாஃப்டை மேலும் கீழும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஏ.சி. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை ஓம் அளவில் பாருங்கள். சில நூறு ஓம், 230 வோல்ட் மோட்டார்களில் சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் காட்டும். முடிவிலி என்றால் எரிந்துவிட்டது. டி.சி. மோட்டாரில் ஓம் அளவு பயன்படாது, உள்ளே மின்னணுப் பலகை இருக்கிறது. அதற்கு, கனெக்டரை மாட்டி, இதற்காக மட்டும் பிளக்கைச் செருகி, வேறு எதையும் தொடாமல், ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டிலிருந்து மின்னழுத்தம் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும், பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் மின்சார வயருக்கும் தரை (நெகட்டிவ்) வயருக்கும் இடையே 12 வோல்ட் டி.சி. அளவில் வரும், வேகத்தைக் குறைக்க அதைத் தாழ்த்தும் மாடல்களும் உண்டு. மற்ற வயர்கள் வேகக் கட்டளைக்கும், மோட்டார் சுற்றுகிறதா என்று போர்டுக்குச் சொல்வதற்கும். மின்னழுத்தம் வந்தும், இறக்கை தடையில்லாமல் இருந்தும், மோட்டார் அசையவில்லை என்றால் அது செத்துவிட்டது. மின்னழுத்தமே வரவில்லை என்றால் டோர் சுவிட்ச், வயர், போர்டு என்ற வரிசையில் தேடுங்கள். ஏ.சி. மோட்டாரில் மின்சாரம் ஓடும்போது இந்த அளவை எடுக்க முயலாதீர்கள். அதில் ஓம் அளவும் விரல் சோதனையுமே போதுமான விடை தரும்.

எண்ணெய் விட்டால் சரியாகுமா என்று பலர் கேட்பார்கள். சத்தம் சில நாள் அடங்கும். மைனஸ் 18 டிகிரியில் சாதாரண எண்ணெய் கெட்டியாகிவிடும், துரு நீக்கும் ஸ்ப்ரே புஷ்ஷில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். தேய்ந்த புஷ் எண்ணெயால் வளராது. புது மோட்டார் கைக்கு வரும்வரை ஓட்டுவதற்கு வேண்டுமானால் செய்யலாம், தீர்வு என்று நினைத்துத் தகட்டை மூடிவிட வேண்டாம்.

சரியான மோட்டார்

ஃப்ரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண், பழைய மோட்டாரின் ஸ்டிக்கரில் உள்ள எண், இரண்டையும் குறித்துக்கொண்டு வாங்குங்கள். அதே எண் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். கிடைக்காமல் மாற்று மோட்டார் வாங்கினால் இவை அத்தனையும் ஒத்துப்போக வேண்டும்: ஏ.சி.யா டி.சி.யா, மின்னழுத்தம், வாட் அளவு, வயர் எண்ணிக்கையும் கனெக்டரும், ஷாஃப்டின் விட்டமும் நீளமும், பொருத்தும் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை. 3 மில்லிமீட்டர் ஷாஃப்டும் 3.17 மில்லிமீட்டர் ஷாஃப்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் சின்ன ஷாஃப்டில் இறக்கை வழுக்கும், பெரிய ஷாஃப்டில் இறக்கையின் மையம் வெடிக்கும்.

திசையை மறந்துவிடாதீர்கள். எதிர்த் திசையில் சுற்றும் மோட்டாரும் ஓடும், சத்தமும் இருக்காது, குளிர் மட்டும் சரியாக வராது. ஷாஃப்ட் முனையை உங்களை நோக்கிப் பிடித்து, கடிகாரத் திசையா எதிர்த் திசையா என்று ஸ்டிக்கரில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். இறக்கையையும் கூடவே புதிதாக வாங்குவதுதான் நல்லது. பல ஆண்டு குளிரில் இருந்த பிளாஸ்டிக் கழற்றும்போதே மையத்தில் விரிசல் விடும், விரிசல் விட்டது அதிரும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் கல் போல இறுகியிருந்தால் மாற்றுங்கள்.

மாற்றுவது

இறக்கையைக் கழற்றும் முன் அது ஷாஃப்டில் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். இந்த ஓர் எண்தான் வேலை முடிந்தபின் காற்று வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். இறக்கை வளையத்துக்குள் சில மில்லிமீட்டர் முன்னே போனால் தகட்டில் உரசும், பின்னே நின்றால் காற்று வளையத்தின் ஓரத்தில் சுழன்று திரும்பிவிடும்.

மையத்தில் கம்பி கிளிப் இருந்தால் பிளையரால் தளர்த்துங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் மையத்தின் இருபுறமும் கொடுத்து நேராக இழுங்கள். இறக்கை நுனியைப் பிடித்து இழுத்தால் வளையும். வராவிட்டால் ஹேர் டிரையரால் மையத்தை ஒரு நிமிடம் சூடாக்குங்கள், தளரும். பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையோ கிளிப்புகளையோ விடுவித்து, ரப்பர் புஷ்களோடு வெளியே எடுங்கள். எர்த் வயர் இருந்தால் அது எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்று நினைவில் வையுங்கள்.

புது மோட்டாரில் ரப்பர் புஷ்களை முதலில் மாட்டி, பிறகு பிராக்கெட்டில் உட்கார வையுங்கள். ரப்பர் இல்லாமல் நேராகத் தகட்டில் இறுக்கினால் ஃப்ரீசர் முழுதும் முழங்கும். இறக்கையைக் குறித்து வைத்த ஆழத்துக்கு நேராக அழுத்துங்கள். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் தொடவில்லை என்று பாருங்கள்.

கனெக்டர் பொருந்தினால் டிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த கனெக்டர்தான் ‘புது மோட்டாரும் ஓடவில்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி காரணம். கனெக்டர் வேறாக இருந்து வயரை வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு இணைப்பும் அடுத்ததிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சால்டர் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயால் மூடுங்கள். இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்தில் உரிந்துவிடும், தண்ணீர் புகுந்து உறைந்து செம்பை அரிக்கும். இணைப்புக்கு முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டால் சொட்டும் நீர் அங்கேயே விழும். ஏ.சி. மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றி இணைத்தாலும் அது அதே திசையில்தான் சுற்றும். டி.சி. மோட்டாரில் ஒரு வயர் மாறினாலும் மோட்டாரோ போர்டோ எரியலாம். அதில் நிறங்களை நம்பாமல் கனெக்டரில் இருக்கும் இடத்தை வைத்து ஒப்பிடுங்கள்.

மூடும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை வடிகால் துளையில் ஊற்றி, பின்னால் தட்டில் விழுகிறதா என்று பாருங்கள். சென்சாரும் பைமெட்டலும் காயிலில் முன்பு இருந்த அதே இடத்தில் கிளிப் ஆகட்டும், இடம் மாறினால் டிஃப்ராஸ்ட் தவறான நேரத்தில் நிற்கும். வயர்கள் இறக்கையையும் ஹீட்டரையும் தொடாமல் பழைய கிளிப்புகளுக்குள்ளேயே போகட்டும். தகட்டின் பின்புறம் ஓரங்களில் உள்ள ஃபோம் பட்டை கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் காற்று குறுக்கு வழியில் திரும்பி, காற்றுப்பாதைக்குப் போக வேண்டிய குளிர் குறையும்.

ஓட்டிப் பார்ப்பது

தகடு, ஸ்க்ரூ எல்லாம் முடிந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். டோர் சுவிட்சை அழுத்தியபடி பத்து நிமிடம் பொறுங்கள். கம்ப்ரசர் ஓடி, துவாரங்களில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது படபடக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பகுதியின் துவாரத்திலும் பாருங்கள். ஃப்ரீசரில் காற்று வந்து அங்கே வரவில்லை என்றால் காற்றுப்பாதையில் இன்னும் ஐஸ் இருக்கிறது, அல்லது அதிலுள்ள டாம்பர் (காற்றைத் திறந்து மூடும் சிறு கதவு) மூடியே நிற்கிறது.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியும் ஃப்ரிட்ஜ் 3 முதல் 5 டிகிரியும் எட்ட ஒரு முழு நாள் ஆகலாம். அதுவரை கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவது இயல்பு. முதல் சில மணி நேரம் கொஞ்சமாக மட்டும் பொருட்களை வையுங்கள், துவாரங்களை மறைத்து அடுக்காதீர்கள்.

புது மோட்டாரும் சத்தம் போட்டால் வரிசையாகப் பாருங்கள்: இறக்கை ஆழம், விட்டுப்போன ரப்பர் புஷ், வளையத்துக்குள் மிச்சமிருக்கும் ஐஸ் துண்டு, மையம் கோணலாக ஏறிய இறக்கை. முதல் நாள் அமைதியாக இருந்து மூன்று நான்கு வாரத்தில் டடடட திரும்பினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். கதவின் நான்கு பக்கமும், ஒவ்வொரு கை அகலத்துக்கு ஒரு முறை, இப்படிச் செய்யுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் கேஸ்கெட்டைச் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மடங்கிய பகுதியை விரலால் நிமிர்த்தி, ஓர் இரவு கதவை மூடி வைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் காகிதம் வழுக்கினால் மாற்ற வேண்டியது கேஸ்கெட்.